உப்புக் கைக்குச் செம்புக் குழல்

பிப்ரவரி 11, சனி

கானாங்கெளுத்தி நன்றாக வந்திருந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. தரகர் ருஃபோ எல்லோர் வாயும் தன் காதுக்கு வந்து போகும்வரை சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, தொட்டியை என்னோடு சந்தையில் மீன் விற்கும் சாயோங் பக்கம் காலால் தள்ளிவிட்டார். அவள் என்ன விலை ஓதினாளோ, அவளுக்கும் அவருக்கும்தான் வெளிச்சம். மலபோன் துறையில் மீன் விலையைக் காதோடுதான் சொல்வோம். உரக்கச் சொன்ன விலையை இங்கே ஒருவரும் விலையாகவே மதிப்பதில்லை. முப்பது வருடமாக இந்தக் காதுகளுக்கு நடுவில் கிடக்கிறேன். எனக்கு யாரைத்தான் நம்பத் தோன்றும்?

கடைக்குத் திரும்பினால், சிகரெட்டுக்குப் பதிலாக நான் இழுக்கும் மின்புகைக் குழல், வேப், செத்துக் கிடந்தது. மறுபடியும். பிளாஸ்டிக் டப்பா, மீன் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் மூச்சு நின்றுவிடும். விற்றவன் ஒரு வருட வாரண்டி என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்தான். அட்டையின் பின்னால் எறும்பு எழுத்தில், தண்ணீர் பட்டால் செல்லாது என்று இருக்கிறது. மீன்காரி கையில் தண்ணீர் படாமல் பன்னீரா படும்?

சாயோங் சிகரெட்டை நீட்டினாள். வாங்கி மோந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். என் நெஞ்சுப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, என்னைவிட அதிகமாக அழுதவன் ஜோவிட். சிகரெட்டைத் தொடுவதில்லை என்பது அவனுக்குக் கொடுத்த வாக்கு.

ஜோவிட் என் ஞானமகன். அவன் அம்மா குவைத்தில் யார் வீட்டுப் பிள்ளைகளையோ வளர்க்கப் போய்விட்டாள். அவள் பிள்ளை என் மேசையில் சோறு தின்று வளர்ந்தது. நான் பெற்றது ஒன்றும் இல்லை. ஊரார் யாரையும் கூப்பிடுகிற மரியாதையில் என்னை "ஆலிங் திபாங்" என்பார்கள். அவன் "நினாங்" என்று கூப்பிட்டால், ஞானத்தாய் என்பதில் ஞானம் கழன்று தாய் மட்டும் நிற்கும். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்.

இப்போது அவன் கோயில் தெருவில் கடை வைத்திருக்கிறான். பிளாஸ்டிக் டப்பா இல்லை, உசத்தியான உலோக வேப் குழல்கள். இந்தத் தடவை அங்கேயே போய் எனக்கு முன்னால் சாகாத ஒன்றாக வாங்கிவிட வேண்டியதுதான்.


பிப்ரவரி 13, திங்கள்

போனேன். ஏசி போட்ட கடை. கண்ணாடி அலமாரி நகைக்கடை மாதிரி. மேல் தட்டில் செம்பு, நடுவில் பித்தளை, கீழே எவர்சில்வர். ஓரத்தில் டைட்டானியம் என்று ஒன்று சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. விலை அட்டையைப் பார்த்ததும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

புலாக்கானில் மாங் அம்போ என்று ஒருவர் கடைசல் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கடைந்து, அடியில் எண் வெட்டி அனுப்புகிறாராம். உள்ளே ஒரு பாட்டரி, அடியில் ஒரு பித்தான். அவ்வளவுதான், வேறு மூளை கிடையாது.

"கம்பி, தகடு ஒண்ணும் உள்ள இல்ல, நினாங். குழலோட உடம்பு வழியாவேதான் கரண்டு போகுது. அதான் எந்த உலோகம்ங்கறது முக்கியம்."

"எது உசத்தி?"

"கரண்டுக்குச் செம்புதான் ராஜா. தங்குதடை இல்லாமப் போகும். அடுத்தது பித்தளை. எவர்சில்வர் கொஞ்சம் சோம்பேறி, ஆனா..."

"அப்போ செம்பு குடு."

சிரித்தான். கீழ்த் தட்டிலிருந்து எவர்சில்வர் குழலை எடுத்து என் கையில் வைத்தான். "உங்களுக்கு இதுதான். ஆயுசுக்கும் வாரண்டி. திருகு தேஞ்சாலும் பித்தான் ஒட்டிக்கிட்டாலும் மாங் அம்போ புதுசாவே குடுத்துடுவார்."

கனமாக இருந்தது. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் பார்க்கத் தட்டு கழுவும் இடத்துக் குழாய் மாதிரி.

அப்போது வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். வாசனை அவளுக்கு முன்னால் வந்தது. செம்பு என்றாள். எடுத்துக் கொடுத்தான்! அவளிடம் "உங்களுக்கு இதுதான்" என்று ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்குக் கீழே அந்தச் செம்பு அப்படி ஜொலித்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ராஜாவை அவளுக்கு, சோம்பேறியை எனக்கு. ஏன்?


பிப்ரவரி 14, செவ்வாய்

எவர்சில்வரில் அவனுக்குக் கமிஷன் அதிகமோ.


பிப்ரவரி 18, சனி

சாயோங்கிடம் வாய் தவறிச் சொன்னேன். அவளிடம் சொன்னால் மணிக்கூண்டில் ஏறிச் சொன்ன மாதிரி. தெரிந்தே சொன்னேன்.

கணவாயைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "அடியே திபாங், நீ வளத்த புள்ள உனக்கே விக்காம கெடக்கற சரக்கத் தள்ளி விடுறான். மீன் நாத்தம் அடிக்கற கையில செம்பு எதுக்குன்னு நெனச்சிருப்பான்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லடி."

"யாருதான் அப்படிப்பட்டவன்? நம்ம ருஃபோ உன் மூஞ்சிக்கு நேரா சிரிக்கறான். தொட்டி யாருக்குப் போகுது?"

உனக்குத்தான் போகுது, களவாணி, என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது உள்ளே போய் முள்ளாக உட்கார்ந்துவிட்டது. சின்ன வயதில் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தவன், கடை வைத்த பிறகு ஒரு நாளாவது துறைப் பக்கம் வந்தானா? ஏசிக் காற்றில் மீன் வாசனை ஏறிவிடும் என்று பயமா?


பிப்ரவரி 20, திங்கள்

இன்று ஒரு வேலை செய்தேன். கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நேரே போய் ஜோவிட்டின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதில் ஒரு விலை சொன்னேன். செம்புக்கு. அட்டையில் இருந்ததைவிடக் கூடுதலாகவே சொன்னேன். துறையில் இதற்கு மேல் மரியாதை ஒருவருக்குக் கொடுக்க முடியாது.

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "விலைதான் அட்டையிலயே எழுதிருக்கே, நினாங்! இது ஏலமா?"

நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

பிறகு ஓரமாகக் கூட்டிப் போய் வாரண்டி அட்டையை வாசித்துக் காட்டினான். செம்புக் குழலுக்கும் ஆயுள் வாரண்டிதானாம். ஆனால் உப்பு பட்டுப் பச்சை பிடித்தால் செல்லாது. யார் பெயரில் வாங்கினார்களோ அவருக்கு மட்டும்தான் செல்லும். அரமோ ரம்பமோ பட்டிருந்தால் யாருக்குமே செல்லாது.

"நீங்க பகல் முழுக்க உப்புலதான் கைய வெச்சிருக்கீங்க. செம்பு ஒரு வாரம் தாங்காது. சொன்னாக் கேளுங்க. உங்களுக்கு நான் செம்பு விக்க மாட்டேன்."

விக்க மாட்டானாம்! என் காசு காசில்லையா? மீன்காரிக்கு மட்டும் செல்லாத வாரண்டியை எவன் எழுதினான்? அவனே அடித்து எழுதியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அட்டைதானே. நான்கூட அச்சடிப்பேன்.


பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். நோன்பு நாட்களில் மீனுக்கு நல்ல விலை. மனசுக்குத்தான் நோன்பு இல்லை.


பிப்ரவரி 25, சனி

காரியம் முடிந்தது. துறைக்கு ஐஸ் போடும் செனெனிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். தன் பெயரில் வாங்கி, என் மடியில் கொண்டு வந்து போட்டுவிட்டார். ஐஸ்காரருக்கு ஜோவிட் செம்பை ஒரு வார்த்தை பேசாமல் விற்றிருக்கிறான்.

"என்னா வேலை செய்றீங்க, எதுக்கு வாங்குறீங்கன்னு ஏதாச்சும் கேட்டானா?" என்றேன்.

"நல்லாருக்கீங்களான்னு கேட்டான்" என்றார் செனென்.

பார்த்தாயா. ஆக, தடை எனக்கு மட்டும்தான்.


பிப்ரவரி 26, ஞாயிறு

பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. பித்தானை அழுத்தினால் கேட்டதும் கொடுக்கிறது. கையில் சின்னச் சூரியன் மாதிரி. சாயோங் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள். பொறாமை. விரலில் பழைய காசு வாசனை ஒட்டிக்கொள்கிறது. போகட்டும்.


மார்ச் 3, வெள்ளி

சூரியனுக்குக் கிரகணம். அடியில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக. துணியால் தேய்த்தேன். கலமான்சி எலுமிச்சையைப் பிழிந்து உப்புப் போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. அப்பாடா.


மார்ச் 6, திங்கள்

பச்சை.

திருகு ஓரம் முழுக்கப் பாசி மாதிரி. பித்தான் ஒட்டிக்கொண்டு திரும்பி வர மாட்டேன் என்கிறது. இழுத்தால் நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி.

அவன் சொன்னது நடந்துவிட்டது என்று ஒரு மனது சொல்கிறது. இன்னொரு மனது கேட்கிறது: எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னான்? ஒரு வாரம் என்றானே, சொல்லி வைத்த மாதிரி? சரக்கு மட்டம் என்று தெரிந்தவன்தானே அப்படி நாள் குறிக்க முடியும்?


மார்ச் 10, வெள்ளி

தூக்கமில்லை. வேப்பும் இல்லை, சிகரெட்டும் இல்லை. இரண்டும் இல்லாமல் நான் மனுஷியாகவே இல்லை.

மாலைச் சந்தையில் சாயோங் குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது செம்பே இல்லடி. பித்தளைக் குழலுக்குச் செம்பு முலாம். எங்க அத்தானுக்கு இப்படித்தான் ஒருத்தன் மோதிரம் வித்தான். ஒரு ராவு ராவு, தெரிஞ்சுடும்."

மீன் கத்திக்குச் சாணை பிடிக்கும் அரம் கையோடு இருந்தது. தட்டுக்கு மேலே தொங்கும் பல்பைக் கீழே இழுத்து, குழலின் அடியில் ராவினேன். நாலு இழுப்பு. சிவப்புத் தோல் போய் உள்ளே மஞ்சள். பித்தளை. சந்தேகமே இல்லை, மஞ்சள். சாயோங்கும் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரியும் பார்த்தாள்.

என் சோத்தைத் தின்னவன். என் மடியில தூங்கினவன். எனக்கே முலாம் பூசி வித்திருக்கான். பெத்த வயிறா இருந்தா இப்படிச் செய்வானா? ஐயோ, நான் எதையும் பெறலையே, அதான் செய்யறான். நாளைக்கு இருக்கு அவனுக்கு.


மார்ச் 11, சனி

கேட்டுவிட்டேன். சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். அதற்காகவே அந்த நேரத்துக்குப் போனேன். காதில் எல்லாம் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக உரக்கச் சொன்னேன்.

"இந்தக் கடையில விக்கறதெல்லாம் முலாம்! பித்தளைக்குச் செம்பு பூசி விக்கறான். நான் ராவிப் பார்த்தேன். யாரும் ஏமாறாதீங்க!"

ஜோவிட் குழலை வாங்கினான். அடியில் எண்ணைப் பார்த்தான். "இது செனென் பேர்ல வித்தது."

"ஆமாண்டா. நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். எனக்குத்தான் நீ விக்க மாட்டியே, துரை."

அவன் முகம் எப்படியோ ஆனது. மெதுவாகக் கேட்டான்: "உப்புத் தண்ணி பட்டுதா, நினாங்?"

"மீன்காரின்னு குத்திக் காட்டறியா? பத்துப் பேர் இருக்காங்க, இவங்க முன்னாடி சொல்லு. செம்பா, முலாமா? சொல்லு!"

கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெட்டியைத் திறந்து முழுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்தான். காது இரண்டும் சிவந்திருந்தது. "மன்னிச்சுடுங்க, நினாங்" என்றான்.

குழலை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். நெஞ்சில் உண்மை இருந்தால் வாயில் வார்த்தை இருக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டானே. அப்புறம் என்ன?


மார்ச் 12, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கொல்லையில் கத்திகளைக் கழுவினேன். அரத்தின் பல்லில் பொடி ஒட்டியிருந்தது. வெயிலில் சிவப்பாகத் தெரிந்தது.

முலாமின் பொடியாக இருக்கும்.

நாலு இழுப்பு இழுத்தேனே, அவ்வளவும் முலாமா?

இருக்கும். இருக்க வேண்டும்.


மார்ச் 16, வியாழன்

சாயோங் பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். நான் கத்தியதை எவனோ படம் பிடித்திருக்கிறான். மலபோன் முழுக்க அதே பேச்சு. என்னைப் பார்த்து அடுத்த கடைக்காரிகள் "நல்லா கேட்டே" என்கிறார்கள். நான் தலையைக் குனிந்து செதில் சீவுகிறேன்.

செனென் வந்து சொன்னதுதான் இன்னும் மோசம். செம்பு வாங்கியவன் எல்லாம் என்னை மாதிரியே அரத்தை எடுத்திருக்கிறான். ஆளுக்கு ஆள் அடியில் ராவிப் பார்க்கிறார்கள். வங்கிப் பெண் நகக் கத்தியால் சுரண்டியிருக்கிறாள்.

"என்ன தெரிஞ்சுதாம்?" என்று கேட்டேன்.

"சிவப்பாத்தான் இருக்குங்கறாங்க. ஆனா ராவினதால வாரண்டி போச்சாம். இப்போ எல்லாரும் கடைக்கு வந்து ஜோவிட்டப் புடிச்சுத் திட்டறாங்க. உன் நினாங்குக்கு மட்டும் காசு குடுத்தியே, எங்களுக்கும் குடுன்னு."

சிவப்பாமே. எல்லாருடையதும்.

என்னுடையது மட்டும் மஞ்சளா? ஏன், எனக்கென்று தேடிப் பொறுக்கியா கொடுத்தான்? அவன்தான் அதை எனக்கு விற்கவே இல்லையே. ஐஸ்காரருக்கு என்று நினைத்துத்தானே கொடுத்தான்.




மார்ச் 20, திங்கள்

மாலைச் சந்தைக்கு ஒரு கிழவர் வந்தார். மீன் வாங்க வந்த முகம் இல்லை. கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

"திபாங்ங்கறது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"நான் அம்போ. புலாக்கான்."

பையிலிருந்து என் குழலை எடுத்து மீன் தட்டு மேல் வைத்தார். நடுவில் ரம்பத்தால் அறுத்து இரண்டு துண்டாக்கியிருந்தார். வெட்டுவாயைத் திருப்பிக் காட்டினார். மஞ்சளாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"பாருங்க, மஞ்சள்!" என்றேன்.

"பல்ப அணை" என்றார்.

"எதுக்கு?"

"அணைம்மா."

அணைத்தேன். இன்னும் அந்தி வெளிச்சம் இருந்தது. வெட்டுவாய் உள்ளும் புறமும் சிவந்து கிடந்தது. கசாப்புக் கடைத் தொடைக்கறி மாதிரி, எலும்பு வரை ஒரே சிவப்பு.

பல்பைப் பார்த்தேன். மங்கிய செவுள் பளிச்சென்று தெரியட்டும் என்று நானே தேடிப் பிடித்து வாங்கி மாட்டின மஞ்சள் பல்பு. பழைய மீனைப் புது மீனாக்கும் பல்பு. ஊரை ஏமாற்றத் தொங்கவிட்டதற்குக் கீழே நின்று என் பிள்ளையைத் திருடன் என்று தீர்ப்பு எழுதினேன்.

"பச்சை பிடிச்சுதே" என்றேன்.

"செம்புன்னா பிடிக்கும். பிடிக்காட்டிதான் சந்தேகப்படணும்." துண்டுகளைப் பையில் போட்டார். "உப்பு உன் கையில. சந்தேகம் உன் மண்டையில. ரெண்டுக்கும் நான் வாரண்டி குடுக்கறதில்ல."

போகத் திரும்பியவரை நிறுத்திக் கேட்டேன், அப்போ அவன் ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று.

"நானும் அதத்தான் கேட்டேன். ஏண்டா மடையா, காசத் திருப்பிக் குடுத்தா போலின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சேன்னு. அத்தனை பேர் முன்னாடி என் நினாங்கப் பொய் சொல்றாங்கன்னு எப்படிச் சொல்றதுங்கறான். அவனுக்கு உன் மானம் பெருசு. எனக்கு என் பேரு பெருசு. இனிமே அவன் கடைக்கு என் குழல் வராது."

அவர் போன பிறகு பல்பைப் போடவில்லை. இருட்டில் யாரும் மீன் வாங்கவும் இல்லை.


மார்ச் 21, செவ்வாய்

சாயோங்கிடம் சிகரெட் வாங்கினேன். மோந்து பார்க்க இல்லை.


மார்ச் 22, புதன்

விடிந்ததும் துறைக்குப் போனேன். ருஃபோ தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியாகக் குனிந்து காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. நான் குனியவில்லை.

"செம்புதான்!" என்று கத்தினேன். "ஜோவிட் குடுத்தது சுத்தச் செம்பு. கெடுத்தது என் உப்புக் கை. மஞ்சள் பல்புக்குக் கீழ பார்த்துட்டு நான்தான் பொய் சொன்னேன். அவன் எனக்கு விக்க மாட்டேன்னு சொல்லியும் திருட்டுத்தனமா வாங்கினது நான்தான்!"

குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. ருஃபோ, "அது சரி, இறாலுக்கு என்ன விலை சொல்றே?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

சாயோங்கை இதையும் படம் பிடித்துப் போடு என்றேன். போன் சார்ஜ் இல்லை என்றாள். பொய். செனென் பிடித்திருந்தார். அவரே போட்டார்.


மார்ச் 24, வெள்ளி

செனென் வண்டியில் புலாக்கான் போனேன். மாங் அம்போ பட்டறையில் இரைச்சல், காதோடு பேசவே முடியாது. கத்தினேன். செனென் போனில் படத்தைக் காட்டினார். கிழவர் இரண்டு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை ருஃபோவின் இறாலுக்குச் சிரித்தார்.

ராவினவர்களுக்கு வாரண்டி திரும்பக் கிடைக்காது, ஆனால் ராவின இடத்தைத் தானே மெருகேற்றித் தருவதாகச் சொன்னார். ஜோவிட் கடைக்குக் குழலும் வருமாம்.

"அவனுக்காகத்தான். உனக்காக இல்ல" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.


மார்ச் 26, ஞாயிறு

ஜோவிட் வீட்டுக்குப் போனேன். புளிச்சாறு வைத்து, அவனுக்குப் பிடித்த பால்கெண்டை வயிற்றுத் துண்டாகப் போட்டு எடுத்துப் போனேன். கதவைத் திறந்தான். உள்ளே கூப்பிட்டான். உட்காரச் சொன்னான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றான். இன்னொரு தடவை கேட்டேன். "பரவால்ல, விடுங்க" என்றான்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வரும்போது, எப்போதும் ஆசி வாங்குவது போல என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளவில்லை. மறந்திருப்பான். கையில் பாத்திரம் வேறு இருந்தது.


ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

நூடுல்ஸ் கிளறினேன், ஆறு பேருக்கு ஆகும். விடிந்ததிலிருந்து வாசல் கேட் சத்தத்துக்கே காது. எந்த வருடமும் ஊர்வலம் முடிந்து நேரே இங்கேதான் வருவான்.

வேலை இருந்திருக்கும். பண்டிகை நாளில் கடையில் கூட்டம் அதிகம்.

இல்லை. கடை இன்று பூட்டியிருந்தது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.


ஏப்ரல் 22, சனி

இருமல். இந்தச் சிகரெட் சனியனை விட வேண்டும்.


மே 13, சனி

கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது, சந்தோஷம். மேல் தட்டில் புதுச் செம்புகள். என்னைப் பார்த்ததும் ஒன்றிரண்டு பேர் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் வரிசையில்தான் நின்றேன்.

"எவர்சில்வர் ஒண்ணு" என்றேன்.

எடுத்துக் கொடுத்தான். திருகைக் கழற்றிக் காட்டினான், பித்தானை அழுத்திக் காட்டினான். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி ஈரம் போகத் துடைத்தால் போதும் என்று சொன்னான். வாரண்டி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று வரி வரியாக வாசித்தான். ஒரு வார்த்தை குறைவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. எல்லோரிடமும் எப்படிப் பேசுவானோ அப்படியே பேசினான்.

அட்டையையும் பேனாவையும் எடுத்தான்.

"முழுப் பேரு எப்படி எழுதணும், ஆலிங் திபாங்?"

கோயிலில் இவனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது, என்ன பெயர் என்று பாதிரியார் கேட்க, ஜோவிட் என்று சொன்னவள் நான்தான். அவன் அம்மாவுக்கு அழுகையில் வாய் வரவில்லை.

பிரிமிதிவா என்று சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பையில் வைத்துக் கொடுத்தான். "நன்றி, மறுபடியும் வாங்க" என்றான். எனக்குப் பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார்.

மதியம் முழுக்க மீன் தண்ணீரில்தான் கிடந்தது. அலசித் துடைத்தேன். ஒரு கறை இல்லை, பித்தான் ஒட்டவில்லை. ஆயுசுக்கும் உழைக்குமாம்.